அக்காவின் பீரங்கியும் தம்பியின் போனும்

அக்கா நின்றாள் என்றால் நின்றதுதான். நகராட்சி அரங்கத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, பலகையால் அடித்த ஒரு சின்ன மேடை இருக்கிறது. அதன் மேல் ஏறிக் கேமராவில் கண்ணை வைத்துவிட்டாளானால், நாடகம் முடிந்து, திரை விழுந்து, கூட்டம் கலைந்து, பெருக்குகிறவர் வந்து "அம்மா, லைட்ட அணைக்கட்டுமா?" என்று கேட்கும்வரை அசைய மாட்டாள். அரங்கத்து ஆட்கள் அவளுக்கு முக்காலி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பட்டமளிப்பு விழாவின்போது கேமரா ஸ்டாண்டின் கால் முறிந்துபோனது. "கவலைய விடுங்க, நம்மகிட்ட இன்னொண்ணு இருக்கு" என்று மைக்செட்காரர் அவளைக் கைகாட்டினார். அன்று முழு விழாவையும் தோளில் வைத்தே எடுத்தாள். படத்தில் நடுக்கம் என்பது மருந்துக்கும் இல்லை. இப்போது அந்த மேடையில் வேறொருவர் நிற்கிறார். பலகையில் அவள் பாதம் பழகிய இடம் மட்டும் இன்னும் வழவழப்பாக இருக்கிறதாம்.

அத்தனை வருஷம் தூரத்திலிருந்தே மனிதர்களைப் பார்த்ததில் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. அசையாமல் இருப்பவர் என்று உலகத்தில் யாரும் கிடையாது. சிலைபோல நிற்க வேண்டிய நாடகக்காரன்கூடக் கால் விரலை மடக்குவான். பேச்சாளர் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். பரிசு வாங்க நிற்கும் பிள்ளை எச்சில் விழுங்கும். "சும்மா நிக்கிறதுதான் இருக்கறதுலயே பெரிய வேலை. பாவம், மூச்ச என்ன பண்றதுன்னே தெரியாம நிப்பாங்க" என்பாள். நீளமான லென்ஸ் வழியாக அவள் அதிகம் பார்த்தது இதைத்தான். பேச்சையும் ஆட்டத்தையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

தம்பி அவளுக்கு நேர் எதிர். ஓரிடத்தில் கால் தரிக்காது. இரண்டு தெரு தள்ளிப் போன் கடை வைத்திருந்தான். கீழே கடை, மாடியில் வீடு. கடைக்குள் நுழைந்தால் கண்ணாடி மேசை நிறைய போன்கள் வரிசையாகக் கண் விழித்துக்கொண்டிருக்கும். சுவரில் இரண்டு பெரிய டிவி. அக்கா அரங்கத்துக்குப் போகிற வழி அதுதான். தோளில் ஒரு பை, முதுகில் ஒரு பை, கையில் ஸ்டாண்டு என்று அவள் தலை தெரிந்ததும் அவன் வாசலுக்கு வந்துவிடுவான்.

"என்னக்கா, பீரங்கியத் தூக்கிட்டுக் கெளம்பியாச்சா? இன்னிக்கு எந்த நாட்டு மேல போரு?"

"உன் கடை மேலதான்டா. முதல் குண்டு உனக்குத்தான்."

"இதப் பாரு." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் மூக்குக்கு நேராக நீட்டுவான். "இருட்டுல எடுக்குது, தண்ணிக்குள்ள எடுக்குது, எடுத்த கையோட உலகத்துக்கே அனுப்புது. நீ என்னடான்னா வீடு காலி பண்றவ மாதிரி மூட்டை முடிச்சோட நடக்கறே."

"உன் போன் எங்கடா பாக்குது? அதுவா நெனச்சுக்குது. இருட்டா இருந்தா, வெளிச்சமா இருந்திருக்கும்னு நெனச்சுக்குது. மூஞ்சில பரு இருந்தா, இல்லன்னு முடிவு பண்ணிடுது. என்னோடது மக்கு. இருக்கறத இருக்கறபடிதான் காட்டத் தெரியும்."

"மக்கக் கட்டி மாரடிக்கிறியேக்கா."

தம்பி மனைவி கையில் தட்டோடு மாடியிலிருந்து இறங்குவாள். "ஆரம்பிச்சாச்சா? அண்ணி, நீங்களாவது உக்காருங்க. சண்டைய வாயில வச்சுக்கிட்டு டீயக் கையில வாங்குங்க, ஆறிடப்போகுது."

நகமும் சதையுமாக இருக்கிறவர்கள்தான் இப்படிச் சண்டை போட முடியும்.

தம்பிக்கு ஒரே பெண். மூன்றாம் வகுப்பு. வீட்டிலும் கடையிலும் அவளுக்குப் பொம்மை என்று பெயர். காரணம் இருந்தது. ஓடிக்கொண்டே இருப்பவள் திடீரென்று நிற்பாள். கையில் எடுத்த ரொட்டி பாதி வழியில் நிற்கும், வாயில் பாதிச் சொல் நிற்கும், கண் எங்கோ நிலைக்கும். கொஞ்ச நேரம்தான். பிறகு விட்ட இடத்திலிருந்து ஓட்டம் தொடரும். போன் விற்கிற வீட்டில் பிள்ளைகள் பிறக்கும்போதே போஸ் கொடுக்கத் தெரிந்துகொண்டு பிறக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். "பாரு பாரு, போஸ் குடுக்கறா!" என்று தம்பி போனைத் தூக்கிவிடுவான். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டாவது எடுப்பான். அவற்றில் சிறந்ததைக் கடை டிவியில் ஓடவிட்டிருந்தான். படிக்கட்டில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, காற்றில் முடி மட்டும் பறக்க, குழந்தை அப்படியே நிற்கும். கவர் வாங்க வந்தவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இங்கே வாடிக்கையாளருக்கும் அது பொன் குஞ்சாகவே தெரிந்தது.

வகுப்பில் கனவு காண்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். "நடிகைன்னா கனவு காணத்தான் செய்வா" என்று தம்பி சிரித்தான். விடுமுறை முடிந்ததும் அவள் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகலாம் என்று வாக்கும் கொடுத்திருந்தான். சிவப்புச் சைக்கிள் ஒன்று கடைக்குள்ளேயே பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் காத்திருந்தது.

பந்தயத்துக்கு அழைத்தவன் அவன்தான்.

"பேச்செல்லாம் வேணாம்க்கா. ஒரே எடம், ஒரே காட்சி. நீ உன் பீரங்கில எடு, நான் போன்ல எடுக்கறேன். ரெண்டு டிவியிலயும் பக்கத்துப் பக்கத்துல ஓடவிடுவோம். எது எதுன்னு சொல்லக் கூடாது. கடைக்கு வர்றவங்க சொல்லட்டும், எது நல்லாருக்குன்னு."

"தோத்தா அழக் கூடாது."

"யாரு அழப்போறான்னு பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவுக்குப் போனார்கள். காட்சி, பொம்மை சோப்புக் குமிழி ஊதுவது. தம்பி குழந்தையின் முன்னால் மண்டியிட்டான். அக்கா எதிர்க்கோடியில், புல்வெளிக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் ஸ்டாண்டை ஊன்றினாள். அங்கிருந்து வெறும் கண்ணுக்குக் குழந்தை ஒரு மஞ்சள் புள்ளி. லென்ஸ் வழியாகப் பார்த்தால் இமை முடியை எண்ணலாம்.

குழந்தை ஊத ஆரம்பித்தாள். ஒன்று பறந்ததும் இன்னொன்று, அது போவதற்குள் அடுத்தது. மூச்சு வாங்க வாங்க ஊதினாள். ஒரு குமிழி நேராகப் போய்த் தம்பியின் போன் மேலேயே உடைந்தது. அவன் ஏதோ திட்டிக்கொண்டே எழுந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, சட்டை நுனியால் போனைத் துடைக்க ஆரம்பித்தான். அவன் மனைவி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். குழந்தையை யாரும் பார்க்கவில்லை, அந்தக் கோடியில் நின்ற ஒருத்தியைத் தவிர.

குழந்தை நின்றாள்.

வளையம் உதட்டுக்கு நேரே. அதன் வாயில் ஒரு குமிழி பிறந்து, பிரியாமல், நடுங்கிக்கொண்டு நின்றது. அதன் மேல் ஊதாவும் பச்சையும் மெல்ல வழிந்து இடம் மாறுவதுகூட லென்ஸில் தெரிந்தது. அதற்குப் பின்னால் குழந்தையின் முகம். அக்கா எத்தனையோ முகங்களைப் பார்த்தவள். இதை அவள் பார்த்ததில்லை. விரல் மடங்கவில்லை. எச்சில் விழுங்கவில்லை. நிற்பதற்கான முயற்சி எதுவுமே அந்த உடம்பில் இல்லை. ஒருவர் எழுந்துபோன பிறகு நாற்காலி எப்படி இருக்குமோ, அப்படி இருந்தாள். இமைகள் மட்டும் மிக மிக வேகமாக, சிட்டுக்குருவியின் இறகு சிலிர்ப்பதுபோல் துடித்தன.

குமிழி அவள் உதட்டிலேயே உடைந்தது. சோப்புத் தண்ணீர் தெறித்தது. குழந்தை முகம் சுளிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். அக்காவுக்கு வேறு எப்படியும் சொல்லத் தோன்றவில்லை. வந்தவள் விட்ட மூச்சை அப்படியே தொடர்ந்து, வெறும் வளையத்துக்குள் ஊதினாள். ஒன்றும் வரவில்லை. வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போதுதானே இங்கே ஒரு குமிழி இருந்தது, எங்கே போனது என்று தேடினாள்.

அக்காவின் கை மயிர் குத்திட்டு நின்றது. படம் அசையவில்லை.

மாலையில் கடையில் இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. தம்பியின் படம் அழகுதான். அதை யாரும் மறுக்க முடியாது. குமிழிகள் தங்கமாக மிதந்தன, குழந்தையின் முகம் பளிங்காக மின்னியது. நடுவில் அவள் வேறொரு முறை நின்றதையும் பிடித்திருந்தான். போன் இழைத்துத் தேய்த்த அந்த முகத்தில் கண்கள் இரண்டு கண்ணாடிக் கோலிகள்போல் அசைவின்றி இருந்தன. சார்ஜர் வாங்க வந்தவர் அதையே காட்டினார். போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்த தம்பதியும் அதையே காட்டினார்கள்.

"ஜெயிச்சாச்சு!" தம்பி கைதட்டினான். அக்காவைப் பார்த்தவனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னக்கா, தோத்துட்டே. ஒரு திட்டுகூட வரல?"

"கடையக் கொஞ்சம் சாத்துடா."

அவன் ஷட்டரைப் பாதி இறக்கினான். மனைவியும் இறங்கி வந்தாள். அக்கா தன் படத்தைப் பெரிய டிவியில் போட்டு, அந்த இடத்தில் மெதுவாக ஓடவிட்டாள்.

"சூப்பரா இருக்கு. போஸ் குடுக்கறா" என்றான் தம்பி.

"யாருக்கு?"

"என்ன யாருக்கு? எனக்குத்தான்."

"ஓரத்துல பாரு. நீ முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறே."

அவன் பார்த்தான். படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு நீலச் சட்டை முதுகு.

"உங்கிட்ட இருக்கற போஸ் எல்லாத்தையும் எடு" என்றாள் அக்கா.

அவன் போனில் தள்ளிக்கொண்டே போனான். தோசையைத் திருப்புவதுபோல் விரல் திருப்பிக்கொண்டே இருந்தது, முடிவதாக இல்லை. ஊஞ்சலில், பல் தேய்க்கும்போது, பென்சில் சீவும்போது.

"போஸ் குடுத்த புள்ள அப்புறம் என்னடா பண்ணும்? ஓடி வந்து 'காட்டு, காட்டு'ன்னு போனப் புடுங்கும். அரங்கத்துல என் கேமராவுல எட்டிப் பாக்காத புள்ளயே கிடையாது. இவ ஒரு தடவையாச்சும் வந்து பாத்தாளா? பாரு, எதுலயாச்சும் போனத் திரும்பிப் பாக்கறாளா?"

தம்பியின் முகம் சிவந்தது. "அக்கா, பந்தயத்துல தோத்ததுக்கு என் பொண்ண நோயாளியாக்காதே."

"ஏங்க!" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. எங்கயோ மரத்தடியில நின்னுக்கிட்டு டெலஸ்கோப்புல பாத்துட்டு வந்து... தெனம் கூடவே இருக்கறவன் நான். எனக்குத் தெரியாதா?"

அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. "இன்னும் ரெண்டு வாரத்துல அவ சைக்கிள் ஓட்டப்போறாடா" என்றாள். "ரோட்ல."

உறை பிரிக்காத சைக்கிளை மூன்று பேரும் பார்த்தார்கள்.

பெரியவர்கள் சண்டையைப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த குழந்தையை அக்காதான் முதலில் கவனித்தாள். கையை நீட்டினாள். குழந்தை வந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

"கண்ணு, காலைல குமிழி ஊதினியே, நடுவுல ஏன்டா நின்னே?"

"நான் எங்க நின்னேன்?"

"ஒரு குமிழி தொலைஞ்சு போச்சே. தேடினியே."

"ஆமா!" குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள், கடைசியில் விஷயம் தெரிந்த ஒருவர் கிடைத்துவிட்டதுபோல. "இருந்துச்சு அத்தை. அப்புறம் வெட்டிட்டாங்க."

"வெட்டிட்டாங்களா? யாரு?"

"யாரோ. வீடியோல வெட்டுவாங்கல்ல? ஒருத்தர் கதவத் தொறப்பாரு, டக்குனு உள்ள உக்காந்திருப்பாரு. அந்த மாதிரி. டீச்சர் ஏழாம் பக்கம் எடுக்கச் சொல்லுவாங்க, டக்குனு எல்லாரும் எழுதிட்டிருப்பாங்க. நடுவுல இருக்கறது வராது."

தம்பி மனைவி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத ஏன்டா கண்ணு யாருகிட்டயும் சொல்லல?"

குழந்தை அத்தையை விநோதமாகப் பார்த்தாள். "எல்லாருக்கும் அப்படித்தானே?"

அக்கா அந்தச் சின்னத் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் படத்தை வெட்டி ஒட்டியவள் அவள். எந்த இடத்தில் வெட்டினால் பார்ப்பவருக்குத் தெரியாது என்பது அவளுக்கு அத்துப்படி. இங்கே ஒரு குழந்தை, தன் நாட்களை வெட்டுப்பட்ட துண்டுகளாகவே வாங்கிக்கொண்டு, விடுபட்டதைத் தானே ஊகித்து ஒட்டி, அதையும் ஒரு குறையாகச் சொல்லாமல், எல்லோர் உலகமும் இப்படித்தான் ஓடுகிறது என்று நம்பி வளர்ந்திருக்கிறாள். கண்ணைக் கட்டிக்கொண்டு படியேறுகிறவள் மாதிரி. இத்தனை நாள் தடுக்கி விழவும் இல்லை. அக்காவுக்குப் பயத்தைவிட மலைப்புதான் பெரிதாக இருந்தது.

மூளை நரம்பு மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. தம்பியின் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்.

"வர்ற எல்லார்கிட்டயும் கெஞ்சுவேன், அது வரும்போது ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்கன்னு. பதட்டத்துல யாரும் எடுக்க மாட்டாங்க. இவ்ளோ வீடியோ இருக்கற பேஷண்ட நான் பாத்ததே இல்ல. மொதல்ல எடுத்தது எப்போ?"

தம்பி தேடினான். பள்ளியில் சேர்ப்பதற்கு முந்தைய கோடையில் எடுத்த ஒன்று இருந்தது. "அழகா இருக்குன்னு எடுத்தேன் டாக்டர்."

"நல்லதாப் போச்சு. எப்ப ஆரம்பிச்சுது, எவ்ளோ அடிக்கடி வருது, எல்லாம் இதுல இருக்கு." பிறகு அக்கா கொண்டுவந்ததைப் போட்டார். இமைகள் துடித்த இடத்தில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி பார்த்தார். "இதுதான் அதுல இல்லாதது" என்று மட்டும் சொன்னார்.

குழந்தையின் தலையெல்லாம் மெல்லிய ஒயர்களை ஒட்டினார்கள். அவை போய்ச் சேர்ந்த திரையில் கோடுகள் வரிவரியாக ஊர்ந்தன. சளசளவென்று, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், இடைவேளையில் அரங்கத்து முன்வரிசை பேசிக்கொள்வது மாதிரி. மருத்துவர் ஒரு காகிதக் காற்றாடியைக் குழந்தையின் முன்னால் பிடித்தார்.

"ஊது பாப்போம். இன்னும். நிறுத்தாம ஊது."

காற்றாடி சுழன்றது. சுழன்று, வேகம் குறைந்து, நின்றது.

அதே நொடியில் திரையில் இருந்த அத்தனை கோடுகளும் ஒன்றாக எழுந்தன. ஒரே உயரம், ஒரே தாளம். பேசிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் ஒரே ஆளாக எழுந்து கைதட்டியதுபோல், திரையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை அலையலையாகப் போயின. ஒயர்களுக்கு நடுவே குழந்தையின் முகம் அமைதியாக இருந்தது. மருத்துவர் குனிந்து அவள் காதருகில் தெளிவாகச் சொன்னார்: "யானை."

கோடுகள் சட்டென்று அடங்கின. காற்றாடி மறுபடி சுழன்றது.

"நான் இப்ப ஒண்ணு சொன்னேனே, என்ன சொன்னேன்?"

"ஊதுன்னு சொன்னீங்க."

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேமராவுக்கும் அவன் போனுக்கும் எட்டாத இடம் அது. வெட்டிய இடத்தில் இருட்டுதான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அங்கே இப்படி ஒரு ஆரவாரம்.

இது வலிப்பில் ஒரு வகை என்றும், சில நொடிகள் மட்டும் நினைவு விட்டுப்போகிறது என்றும், மூச்சு வாங்க ஊதினால் சுலபமாக வந்துவிடும் என்றும், மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படும், பல பிள்ளைகளுக்கு வளர வளரப் போயும் விடும் என்றும் மருத்துவர் நிதானமாக விளக்கினார். சைக்கிளும் நீச்சலும் அதுவரை வேண்டாம் என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டான் தம்பி. "பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா. பாத்துக்கிட்டே ரசிச்சேன்."

"நீ பாக்கலன்னா அந்த டாக்டரம்மா எதப் பாத்திருப்பாங்க? நான் எடுத்தது ஒண்ணுடா. அதுவும் எல்லாம் தயாரா இருந்த நாளு. மத்த நாளெல்லாம் உன் போன்தான் அங்க இருந்துச்சு." அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "பந்தயத்துல நீ ஜெயிச்சது ஜெயிச்சதுதான். ஆனா அந்த மூஞ்சி தேய்க்கிற எழவ மட்டும் அணைச்சுத் தொலை."

அன்றைக்கே கடை டிவியிலிருந்து படிக்கட்டுப் படத்தை எடுத்துவிட்டான். பொம்மை என்று கூப்பிடுவதும் யாரும் சொல்லாமலே நின்றுபோனது.

மருந்து உடம்புக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. அளவைக் கூட்டினார்கள், பார்த்தார்கள், மறுபடி கூட்டினார்கள். நிற்பது குறைந்தது, பிறகு தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் வீட்டில் எல்லோரையும் அரித்தது. இல்லையா, கண்ணில் படவில்லையா? தம்பி குழந்தை பின்னாலேயே போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். "அப்பா, போப்பா!" என்று அவள் விரட்டினாள்.

ஒருநாள் அரங்கத்தில் நிகழ்ச்சி இல்லை. பள்ளி விடுகிற நேரத்துக்கு அக்கா ஸ்டாண்டைக் கொண்டுவந்து கடையின் கோடியில் நிறுத்தினாள். மறுகோடியில், தரையில், குழந்தை வீட்டுப்பாடத்தைப் பரப்பினாள். அக்கா கேமராவை ஓடவிட்டாள். தம்பி பக்கத்தில் வந்து நின்று கேமராவின் சின்னத் திரையில் கண்ணை வைத்தான். வாடிக்கையாளர் வந்தால் மனைவி பார்த்துக்கொண்டாள்.

குழந்தை எழுதினாள். அழித்தாள். ரப்பர் தூளை ஊதினாள். தம்பியின் மூச்சு நின்றது. அவள் தூள் போன திசையைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள். முழங்காலைச் சொறிந்தாள். பென்சிலைக் கடித்தாள். ஜன்னல் பக்கம் கண்ணை நிலைக்கவிட்டாள். தம்பி அக்காவின் கையைப் பிடித்தான். தெருவில் ஒரு நாய் போனது, குழந்தையின் கண்ணும் அதோடு போய்த் திரும்பியது. வாய்ப்பாட்டை முணுமுணுத்தாள். தப்பு விட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள். வெளிச்சம் மஞ்சளாகி, ஜன்னலிலிருந்து இறங்கி, புத்தகத்தின் மேல் ஏறி, தரைக்குப் போயிற்று. ஒரு இடத்தில்கூட எதுவும் விடுபடவில்லை.

"ஒண்ணுமே நடக்கலயேக்கா" என்றான் தம்பி ரகசியமாக. கன்னம் ஈரமாக இருந்தது.

"ஷ்ஷ். ஓடிட்டிருக்கு."

ஒரு படம் முழுவதையும் அவன் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அக்கா எத்தனையோ பெரிய மனிதர்களை எடுத்திருக்கிறாள், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதையெல்லாம் எடுத்திருக்கிறாள். இந்தப் பிள்ளை காதைக் குடைந்துகொண்டு ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குப் போனதைத்தான் அவள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு பேரும் தன்னை அப்படிப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"என்ன? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல கண்ணு. எப்படி இருக்கே?"

குழந்தை யோசித்தாள். சலிப்போடு ஒரு கொட்டாவி விட்டாள்.

"இப்பல்லாம் டக்குனு சாயங்காலம் வரவே மாட்டேங்குது அத்தை" என்றாள். "ஸ்கூல்ல எவ்ளோ நேரம் இருந்தாலும் இன்னும் ஸ்கூலே இருக்கு."

தம்பி சிரித்தான், சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டான். அக்கா கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள். தரையைக் கடந்து போய், குழந்தைக்கு எதிரில், பாடப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள். "காலைலேருந்து சொல்லு. எதையும் விடாம."

குழந்தை காலையில் செருப்பு மாட்டியதிலிருந்து ஆரம்பித்தாள்.